மரத்துப்போன கை

"கண்ணை மூடிக்கோங்கம்மா. இப்பத் தெரியுதா?"

டாக்டர் ஊசி முனையால் தங்கையின் வலது கைக் கட்டைவிரலைக் குத்தினார். பிறகு ஆட்காட்டி விரல், நடுவிரல். அவள் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள்.

"தெரியல டாக்டர். பஞ்சு சுத்தின மாதிரி இருக்கு."

பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான். பஸ் டிரைவரான அவன், நல்ல சேதி கேட்கலாம் என்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

தங்கைக்குப் பகலெல்லாம் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. வீடு திரும்பினால் பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், புரட்டிவிட வேண்டும், துடைத்துவிட வேண்டும். கல்யாணம் காட்சி எதுவுமில்லாமல் அதுவே அவள் பிழைப்பாகிப்போனது. விரல் மரத்து, தூக்கம் கெட்டு, எழுந்து கையை உதறிக்கொண்டிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பிடி நழுவி, அம்மாவும் அவளுமாகத் தரையில் விழுந்த பிறகுதான் அண்ணனுக்கே விஷயம் தெரிந்தது.

"மணிக்கட்டுல நரம்பு போற வழி குறுகலானது. மேல இருக்கிற பட்டை நரம்பை நசுக்குது. பட்டையை வெட்டிவிட்டா நரம்புக்கு இடம் கிடைச்சுடும்," என்று அப்போது டாக்டர் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "கை தேறுற வரைக்கும் அம்மா என்கிட்ட இருக்கட்டும்" என்று அண்ணன் வாய்விட்டிருந்தான்.

அந்த வாயை இப்போது நொந்துகொண்டான். விரிப்பு அலசி அலசி அவன் மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியே நாளாகிவிட்டது.

"நரம்பு டெஸ்ட் நல்லாத்தான் வந்திருக்கு," என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "ரொம்ப நாள் நசுங்கின நரம்பு. சில பேருக்கு உணர்ச்சி வரத் தாமதமாகும். அதுவரைக்கும் பாரம் தூக்கவே கூடாது. இடது கையிலயும் ஆரம்பிச்சிருக்கு."

இருவரும் அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். "அவ கை இன்னும் சரியாகலம்மா," என்று அவன் கட்டிலருகே குனிந்து சொன்னான். அம்மா, மருமகள் ஊட்டிய கஞ்சியை அன்று மிச்சம் வைக்காமல் குடித்தாள். 'இவளுக்கு எதுவும் புரியறதில்ல' என்று அவன் பெருமூச்சு விட்டான்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

அம்மா முதுகு அரிக்கிறதென்று முனகிக்கொண்டிருந்தாள். தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அம்மாவின் ரவிக்கைக்குள் வலது கையை விட்டுத் துழாவினாள். இரண்டு விரல் நுனியால் எதையோ பற்றி இழுத்தாள். ஒற்றை நரைமுடி.

"முடி தெரியுது. ஊசி தெரியலையா?"

தங்கையின் முகம் வெளுத்தது. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணா, அது வந்து..."

"என்ன வந்து? அங்க டாக்டர்கிட்ட நாடகம் ஆடறே, இங்க என் பொண்டாட்டி உயிரை விடறா! பெத்த தாயைத் தலைமுழுகணும்னு எத்தனை நாளா நினைச்சிருந்தே?"

"அப்படிச் சொல்லாதண்ணா..." அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, கதவோரம் நின்று நாத்தனாரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

அவன் அலமாரியைத் திறந்து அம்மாவின் துணிகளை அள்ளிப் பையில் திணித்தான். "இப்பவே வண்டி பிடிக்கறேன். கூட்டிட்டுக் கிளம்பு. உன்னை மாதிரி கல்நெஞ்சுக்காரியை நான் பார்த்ததே இல்ல!"

தங்கை மறுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தழும்பு மறையாத கையால் அம்மாவைத் தூக்கக் குனிந்தாள்.

அம்மா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழறும் நாக்கை அடக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"அவளைத் திட்டாதடா. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."