பறக்கலாமா?

"சென்னையில காத்து குறைச்சல். மேகமும் உசரத்துல இருக்கு. இன்னிக்குச் சின்ன விமானம் ஓட்டலாம்."

விமானிகளுக்கான வானிலை அறிக்கையைக் கைப்பேசியில் படித்துச் சொன்னாள் பிரபாவதி. அவள் தினமும் காலையில் இப்படிப் பார்ப்பதை, எதிர் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்த காந்திமதி ஒரு வாரமாகக் கவனித்திருந்தாள்.

"புள்ள பைலட்டுங்களா? அதான் பயந்துகினே பாக்குறீங்க."

"எனக்குப் புள்ளைங்க இல்லீங்க."

"அப்ப யாருக்காகப் பாக்குறீங்க?"

பிரபாவதி பீரோவிலிருந்து பழைய விமானி லைசென்ஸ் ஒன்றை எடுத்து வந்து காட்டினாள். படத்தில் இருபத்திரண்டு வயதுப் பிரபாவதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்தோட விட்டதுங்க. பதினெட்டு வருஷமாச்சு."

காந்திமதி படத்தையும் பிரபாவதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திரும்ப ஓட்டணும்னு மெடிக்கல் டெஸ்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். ஷிப்ட் முடிஞ்சு அவரு வந்ததும் சொல்லணும்" என்ற பிரபாவதி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.