வைரஸுக்கு ஒரு துஆ

கிட்ட வந்து உட்காருங்க. எண்ணெய் தெறிக்காது. அந்தக் கடை இப்போ கைமாறிப் போச்சு, அதனாலதான் சொல்றேன்.

என் வடை வண்டிக்குப் பின்னாலதான் நாகூர் மீரான் அண்ணனோட கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்துது. சூலியா தெரு முனை. இந்த வட்டாரத்துல பாதிப் பேரோட போனும் லேப்டாப்பும் அவர் கை பட்டதுதான்.

கடைச் சுவத்துல, கூரையை ஒட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள அரபு எழுத்துல சில வரி தொங்கும். அவர் பெண்சாதி ஆசியா அக்கா எழுதி மாட்டினது. ஏதோ துஆ, வேண்டுதல்னு நெனச்சு வர்றவங்க அண்ணாந்து பார்த்துட்டுப் போவாங்க. கூர்ந்து படிச்சவங்க யாருமில்லை.

ஹைருலுக்கு மட்டும் அதைப் பார்த்தாலே சிரிப்பு. அண்ணனோட தங்கச்சி சல்மாவோட மகன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர்களுக்குத் திருடன் வராம காவல் பார்க்கிற வேலை.

"மாமி, வைரஸுக்குக் கூட துஆ மாட்டியாச்சா? அப்போ எனக்கு எதுக்கு சம்பளம் கொடுக்கிறாங்க?"

ஆசியா அக்கா சிரிச்சுக்கிட்டே உள்ளே போயிடுவாங்க.

அன்னைக்குச் சாயங்காலம், அசர் தொழுகை முடிஞ்ச நேரம். ஹைருல் போன்ல ஒரு சேதி படிச்சான். எங்கேயோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து எல்லார் விவரத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்களாம். யாரோ பாஸ்வேர்டைத் துண்டுத் தாள்ல எழுதித் திரையிலேயே ஒட்டி வச்சிருந்தாங்களாம்.

லேப்டாப்போட கொடுத்து வச்சிருந்த மகள் கல்யாணப் படத்தை வாங்க வந்திருந்த அர்ஜுனன், அதுக்குத்தான் விரல் ரேகை நல்லதுன்னார். விரலையே வெட்டிட்டுப் போனா என்ன செய்வீங்கன்னு நான் கேட்டேன். அப்போ மூஞ்சியைக் காட்டித் திறக்கலாம்னார்.

"காலையில எழுந்ததும் உங்க மூஞ்சியை அதுக்கு அடையாளம் தெரியணும்லா, அண்ணே," என்றான் ஹைருல்.

அர்ஜுனனே சிரிச்சுட்டார்.

"எதுவா இருந்தாலும் பாஸ்வேர்டை எழுதி வைக்கிறவன் முட்டாள். என்ன சொல்றீங்க மாமா?"

"முட்டாள்தான்," என்றார் நாகூர் மீரான் அண்ணன், நெத்தியைத் தட்டிக் காட்டி. "இதை விடப் பத்திரமான பெட்டி ஏது? எவனாலயும் உடைக்க முடியாது."

அர்ஜுனன் வந்த வேலைக்குத் திரும்பினார். அவருக்கு ஒரு குறை. போன தடவை அவர் லேப்டாப்பைக் கேட்டதுக்கு வேற யாரோடதையோ எடுத்துக் கொடுத்திருந்தார் அண்ணன். அதுக்கு முந்தின தடவை, நீங்க படமே கொடுக்கலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

"இன்னைக்கும் இல்லைன்னா சொல்லிடுங்கண்ணே. வயசாயிடுச்சு, தப்பில்லை. நம்ம கோயில் குரூப்புல இருக்கிறவங்க எல்லாரையும் இனிமே கொம்தார் கட்டடத்துல கடை பார்த்துக்கச் சொல்லிடறேன்."

அந்தக் குரூப்பு போனா கடைக்குப் பாதி ஆள் போன மாதிரி. உள்ளே திரைச்சீலை அசைஞ்சுது.

"படம் எல்லாம் பெரிய பெட்டியில பத்திரமா இருக்கு," என்று சொல்லி, பெரிய பெட்டின்னு அவர் சொல்ற கடைக் கம்ப்யூட்டர் முன்னால அண்ணன் உட்கார்ந்தார். கீபோர்டுல விரலை வச்சார். எடுத்தார். ஏதோ தட்டினார். தப்பு. திரும்பத் தட்டினார். அதுவும் தப்பு. இன்னொரு தடவை தப்பினா பெட்டி தானாப் பூட்டிக்கும்.

அர்ஜுனன் கையைக் கட்டிக்கிட்டார்.

அண்ணன் கண்ணு சுவத்துப் பக்கம் போச்சு. நாற்காலியில இருந்து பார்த்தா அந்தச் சட்டத்து எழுத்து தெரியாது. எழுந்து போகவும் கூச்சம்.

கேலி பண்ணத்தான் வாயைத் திறந்தான் ஹைருல். அண்ணன் பார்த்த பக்கமே அவனும் பார்த்தான். மலாயை அரபு எழுத்துல எழுதுற ஜாவியைப் பள்ளியில படிச்சவன், அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும். உதடு அசைஞ்சுது. அப்புறம் நின்னுபோச்சு.

வடைத் தட்டோட நின்ன நானும் அன்னைக்குத்தான் அதை ஊன்றிப் பார்த்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் போதாது. ஆனா சின்னதுல ஓதப் போன இடத்துல அரபுத் தமிழ் சொல்லிக் கொடுத்தாங்க. எழுத்து அரபு, பேச்சு நம்ம பேச்சு.

அது துஆ இல்லை.

'பெரிய பெட்டி திறக்க: நிக்காஹுக்கு நீங்க எடுத்துத் தந்த சீலையோட நிறம், அப்புறம் அந்த வருஷம். பதறாதீங்க. நான் உள்ளேதான் இருக்கேன்.'

ஆசியா அக்கா தேத்தண்ணித் தட்டோட திரைச்சீலைகிட்ட நின்னாங்க. அவங்க பார்த்தது புருஷனை இல்லை, ஹைருலை.

ஹைருல் போனைச் சட்டைப் பையில வச்சான்.

"என்ன மாமா, இன்னைக்கு இவ்வளவு அவசரம்? எப்பவும் துஆவைப் பார்த்து ஓதிட்டுத்தானே பெட்டியைத் திறப்பீங்க. ஓதிட்டு வாங்க. அர்ஜுனன் அண்ணன் காத்திருப்பார்."

அர்ஜுனன் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்னார். நாகூர் மீரான் அண்ணன் எழுந்து சுவத்துகிட்டப் போய், மூக்குக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். மெல்ல ஒரு சிரிப்பு வந்தது முகத்துல. கல்யாண மாப்பிள்ளை சிரிப்பு. திரும்பி வந்து தட்டினார். பெட்டி திறந்துக்கிச்சு.

அர்ஜுனனுக்கு வாயெல்லாம் பல். மகள் மாலையோட நிக்கிற படத்தை எனக்கும் காட்டினார். குரூப்பு பேச்சே எடுக்கலை.

அவர் வாசலைத் தாண்டுறதுக்குள்ள, ஹைருல் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றினான்.

"தம்பி, ஓதுற எழுத்தைக் கீழே எறக்கலாமா?" என்றார் அர்ஜுனன்.

"கீழே இங்கதாண்ணே சிக்னல் நல்லா கிடைக்குது."

சொல்லிட்டு, சட்டை நுனியால கண்ணாடியைத் துடைச்சு, மாமா நாற்காலிக்கு நேர் எதிரே, அவர் உட்கார்ந்தபடியே படிக்கிற உயரத்துல ஆணி அடிச்சு மாட்டினான்.