பத்தரையிலிருந்து பன்னிரண்டு

அவளை மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே அரங்கம் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள். பத்து மணிக்கே வந்து இடம் பிடித்தவர்கள். விசில் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அவளுடைய நான்காவது ஆல்பம். இன்றைக்கு வெளியீடு.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி என்று ஆடியோ கம்பெனி போஸ்டரும் ஒட்டிவிட்டது. காலையில்தான் முதலாளி சென்னையில் இருந்து போன் போட்டு மேனேஜரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒருத்தராவது காலண்டரைப் பார்த்திருக்க வேண்டாமா?

பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம்.

"பன்னெண்டு அடிக்கட்டும் மேடம். அதுவரைக்கும் ஸ்டேஜ்ல கால் வைக்காதீங்க," என்றார் மேனேஜர் ஸ்ரீவத்சன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முதல் மூன்று ஆல்பமும் பிறந்ததே ராகு காலத்தில்தான்.

தூத்துக்குடியில் எட்வின் அண்ணனின் ஸ்டூடியோ. கோயில் கொடைப் பாட்டு, கட்சிப் பாட்டு என்று அந்த மைக்குக்கு ஓய்வே கிடையாது. செவ்வாய்க்கிழமை மூன்று மணியானால் மட்டும் ஈ, காக்கை இருக்காது.

"எனக்கு ராகுவும் கெடயாது, கேதுவும் கெடயாது. வாறவன் பூராவும் நேரம் பாத்துல்லா வாறான். சும்மாதான கெடக்கு, நீ வந்து கத்திட்டுப் போ," என்றார் எட்வின் அண்ணன்.

வந்து கத்தினாள்.

'மூணு டு நாலரை' என்றே முதல் ஆல்பத்துக்குப் பேர் வைத்தாள். அது ஷேர் ஆட்டோக்களில் ஓடியது. அடுத்து 'உப்பங்காத்து'. அது விடுதிகளில் ஓடியது. மூன்றாவது 'லோடு'. அப்போது எந்த நேரம் கேட்டாலும் ஸ்டூடியோவைத் திறந்துவிட எட்வின் அண்ணன் தயார்.

அவள் செவ்வாய் மூன்று மணிதான் கேட்டாள்.

"கிறுக்குச் சிறுக்கி," என்று சொல்லிக்கொண்டே மைக்கைப் போட்டார்.

பிறகுதான் கம்பெனி வந்தது. சென்னையில், நல்ல நேரத்தில், எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுப் பதிவு செய்தார்கள். பாட்டுகள் நன்றாகவே வந்தன. பொய் சொல்லக்கூடாது.

ஒன்றை மட்டும் தூக்கிவிட்டார்கள். 'அடுப்படி.'

"மங்களகரமா ஆரம்பிக்கிறோம். ராசி கெட்டவள்னு ஒரு பொண்ணு தன்னைத் தானே சொல்லிக்கிற பாட்டு எதுக்கு?"

அவள் எங்கே சொன்னாள்?

அவள் பிறந்த வாரத்தில் அப்பா ஓட்டிய லாரி கவிழ்ந்தது. அவ்வளவுதான். அதன்பிறகு பெண் பார்க்கவோ பத்திரம் பதியவோ வீட்டில் யார் கிளம்பினாலும் அவள் எதிரே வரக்கூடாது. "ஏட்டி, எதுக்க வந்து தொலையாத," என்று அத்தை அவளை அடுப்படிக்குள் விட்டுக் கதவைச் சாத்துவாள். வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை உள்ளேதான். குக்கர் விசிலுக்கு வார்த்தை கட்டிப் பழகியது அங்கேதான்.

ஆல்பத்தில் இல்லாத பாட்டை மேடையில் பாடினால் வெளியீட்டையே நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்து அவளுடையதுதான்.

எழுந்தாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை. சும்மா சாத்தித்தான் இருந்தது.

எல்லாக் கதவும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

மேடையில் குத்துவிளக்கு ஏற்றாமல் நின்றது. மைக்கில் உயிர் இல்லை. இசையும் இல்லை.

குதிகாலால் பலகையை மிதித்தாள். இன்னொரு மிதி. நடுவில் ஓர் இடைவெளி. மறுபடி மிதி.

நாற்காலிக் கைப்பிடிகள் பதில் சொல்லத் தொடங்கின.

*தாம்பாளம் கெளம்புது, காரு கெளம்புது,*
*என்ன மட்டும் அடுப்படிக்குள்ள நிப்பாட்டுது.*
*எதுக்க வந்தா வெளங்காதாம், ஏழரையாம் நானு,*
*எதுக்கதாம்ல வந்துருக்கேன், கண்ணத் தொறந்து பாரு!*

ஸ்ரீவத்சன் போனும் கையுமாக மேடையோரம் ஓடிவந்தார்.

"மேடம், இறங்குங்க! சார் லைன்ல இருக்கார். ஆல்பத்தையே நிறுத்திடுவேங்கிறார்!"

"அண்ணாச்சி, மறைக்காதிய! தள்ளி நில்லுங்க!" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல்.

அரங்கம் சிரித்தது.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் அவள், காலடி பிசகாமல்.

அவர் போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

இரண்டாம் முறை பாடியபோது கடைசி வரியைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை அவளுக்கு வேலையே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு தாளத்தை மட்டும் மிதித்தாள். இருட்டுக்குள் நூறு இருநூறு போன்கள் அதைப் பதிவு செய்தபடி ஒளிர்ந்துகொண்டிருந்தன.

மணி பன்னிரண்டு.

விளக்கை ஏற்றினார்கள். மைக் கரகரத்து உயிர் பெற்றது. பின்னால் திரையில் ஆல்பத்தின் அட்டைப்படம் விரிந்தது.

ஸ்ரீவத்சனின் முகமே மாறியிருந்தது. இரண்டு கையாலும் மைக்கை நீட்டினார்.

"வாங்க மேடம், நல்ல நேரம் வந்தாச்சு. சார் போன்ல முழுசாக் கேட்டார். இந்தப் பாட்டையும் சேர்த்துடலாம்னுட்டார். இதோட வெளியிட்டுடலாம். முதல்லேர்ந்து ஒரே ஒரு தடவை..."

அவள் படியிறங்கியிருந்தாள்.

"அது வெளியாயிட்டே சார்."

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பிள்ளைகள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். போய் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

மேடையில் ஐந்து திரியும் அசையாமல் எரிந்தன.

அரங்கத்தில் அத்தனை முகமும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பியிருந்தது.