ஏற்புரைக்கு முன்

முன்வரிசையில் அந்தப் பெரியவரின் மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

அவர் எடுக்கவில்லை.

மேடையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்த்தியிருந்த பொன்னாடை கழுத்தில் அரித்தது. இரண்டு மணி நேரமாக ஒரே மாதிரி புன்னகைத்ததில் கன்னம் வலித்தது.

பேராசிரியர் மைக்கை விடுவதாயில்லை.

"ஜப்பானியப் பயங்கரக் கதைகளில் பேய் வெளியிலிருந்து வருவதில்லை, நண்பர்களே! பேய் இருப்பது மனிதனின் மனத்தில்!"

மனம் என்றபோது நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். போட்டோக்காரர் தவறவிட்டதால் மறுபடியும் ஒருமுறை தொட்டுக் காட்டினார்.

அவள் மொழிபெயர்த்த புத்தகம்தான். ஆங்கிலத்திலிருந்து செய்தது. பேராசிரியர் அவளுடைய ஜப்பானிய மொழிப் புலமையை வியந்தார்.

அவள் திருத்தவில்லை.

அட்டையில் அவள் பெயர் போடாத பதிப்பகங்களுக்கே இத்தனை வருடம் உழைத்தாயிற்று. மேடையில் நாற்காலி கிடைத்தது இதுதான் முதல்முறை. ஏற்புரை கடைசியில். எல்லோரும் எல்லோரையும் வாழ்த்தி முடித்த பிறகு, கேட்க ஆள் மிச்சமிருந்தால்.

பெரியவரின் வலது கை மெல்ல உயர்ந்தது. எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல் விரல்கள் விரிந்தன.

காற்றில் நின்றன.

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

அவள் அமைப்பாளர் மாசிலாமணியின் பக்கம் சாய்ந்தாள்.

"கீழ முன்னாடி இருக்காரே, அவருக்கு என்னவோ பண்ணுது போல, சார்."

"யாரு, நமச்சிவாயம் சாரா? எல்லாக் கூட்டத்துக்கும் வருவாரு மேடம், தூங்குறதுக்கு. போன மாசம் என் கவிதைக்கே குறட்டை விட்டாரு."

இப்போது குறட்டை கேட்கவில்லை.

"இப்பப் போய்க் கலாட்டா பண்ணினா கூட்டம் கலைஞ்சிரும். ஹாலை வேற ஒப்படைக்கணும். அப்புறம் உங்க ஏற்புரைதான் போயிரும், பாத்துக்குங்க."

அவள் நேராக உட்கார்ந்துகொண்டாள்.

பேராசிரியர் புத்தகத்தின் கடைசிக் கதைக்கு வந்திருந்தார். பனிக்காலம். மலைமேல் ஒரு விடுதி. வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே ஒருவரும் தூங்கவில்லை. இன்னொருவர் எழுந்து போவார் என்று ஒவ்வொருவரும் போர்வைக்குள் கிடக்கிறார்கள். தட்டும் சத்தம் நிற்கிறது.

"நின்றபோது அவர்களுக்கு வந்தது பயமல்ல, நண்பர்களே. நிம்மதி!"

அரங்கம் கைதட்டியது. தள்ளி உட்கார்ந்தவரும் தட்டினார், அந்தப் பக்கம் பார்க்காமல்.

பெரியவரின் கை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் அவர் மடியிலிருந்த அழைப்பிதழ் மட்டும் அசைந்தது.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இனிஷியல் தப்பு. பரவாயில்லை.

கால் மரத்துப்போயிருந்தது. மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. மைக் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

அதை இறக்கிக்கொடுக்க மூன்று பேர் ஓடிவந்தார்கள்.

தாளைப் பிரித்தாள். முன்வரிசையைப் பார்க்க வேண்டியிராதபடி எழுத்துகளையே பார்த்தாள். நேற்று எழுதியது. நன்றாகத்தான் வந்திருந்தது.

"இந்தக் கடைசிக் கதையை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை," என்று வாசித்தாள். "அத்தனை பேரில் ஒருவர்கூடவா எழுந்திருக்க மாட்டார்?"