மூன்றாவது மோப்பம்

மோப்பக் கருவி மூன்றாவது முறையும் சிவந்தால் தைலக் கொட்டகை தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆய்வாளரே நினைத்தாலும் திறக்க முடியாது. குன்னூர்க் குளிரில் விடியற்காலையிலிருந்து யூகலிப்டஸ் இலையை வேகவைத்துக் கலாமணியே வடித்த தைலம் அது. அதைத்தான் கருவி இரண்டு முறை 'கலப்படம்' என்று அறிவித்திருந்தது.

"சார், இதுல ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கலக்கல. நீங்களே மோந்து பாருங்க."

"நான் மோந்தா செல்லாதுக்கா," என்றார் ஆய்வாளர் இம்தியாஸ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைகள்ல விக்கிறத மோந்து மோந்துதான் இது படிச்சிருக்கு. அதுல எது சுத்தம்?"

கலாமணி அவரையே வெறித்துப் பார்த்தாள். கதவுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய டர்பன்டைன் மூலையில் இருந்தது. அவள் அதை எடுத்ததும் இம்தியாஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு குப்பித் தைலத்தில் மட்டும் இரண்டு கரண்டி ஊற்றிக் குலுக்கினாள். நெடி குமட்டியது.

கருவி பச்சையாக ஒளிர்ந்தது. 'தூய தைலம்' என்ற அரசு லேபிளை இம்தியாஸ் குப்பியில் அழுத்தி ஒட்டினார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"எங்கம்மாவுக்கு ஒரு வாரமா நெஞ்சுச்சளிக்கா. கொஞ்சம் தைலம் வேணும்."

கலாமணி லேபிள் ஒட்டிய குப்பியைத் திறந்தாள்.

"ஐயோ, அது வேண்டாம்," என்றார் அவர். "சிவப்பு காட்டுச்சே, அதுலேருந்து ஊத்துங்க."