பூட்டிய மிளகு

ஒச்சம்மாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த மிளகு டப்பாவைத் திருகினாள். மூடி அசையவில்லை.

“மன்னிக்கவும். நீங்கள் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்கள்” என்றது டப்பா.

உசிலம்பட்டி ரூட்டில் கண்டக்டராக இருந்தபோது, ராங்கு பேசியவனை நடுரோட்டில் இறக்கிவிட்டவள் அவள். மூன்று மாதமாக இந்த டப்பாவுக்கு அடங்கி, வெறும் புளித்தண்ணீரை ரசம் என்று குடித்ததே பெரிய விஷயம். அம்மிக்குழவியைத் தூக்கி மூடியில் ஒரே போடு போட்டாள்.

மிளகு சிதறியதுமே டப்பா ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்பிவிட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த பேசும் பட்டையில் நர்ஸ் ஜெசிந்தா பதறினாள்.

“அம்மா, வேணாம்! மிளகு சேர்ந்தா மாத்திரை ரத்தத்துல கூடுதலா ஏறிடும். தலை சுத்தி விழுந்துருவீங்க.”

“அப்ப மாத்திரையக் கொறை.”

“உங்க ரத்தத்தை அளந்துதானம்மா இந்த அளவே வச்சிருக்கோம்?”

“எப்ப அளந்த? ஆஸ்பத்திரியில ரொட்டியும் பாலும் குடுத்துப் படுக்கப்போட்டு அளந்த. அது யாரோ ஒருத்தி. நான் பல்லு மொளச்ச நாள்லருந்து மிளகு திங்கிறவ.”

“சாப்பாட்டுக்குத் தக்கன மருந்தை மாத்துற வழக்கம் இங்க இல்லம்மா.”

“இனிமே வச்சுக்க.”

சிதறியதை அள்ளி அம்மியில் வைத்து நுணுக்கினாள். வீடெல்லாம் காரம் ஏறியது. ரசம் நுரை கட்டியதும் இறக்கினாள். பட்டையை வாயருகே கொண்டுபோனாள்.

“ஊசிய எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா தாயி. உன் முன்னாலயே குடிச்சிட்டுக் கைய நீட்டுறேன். அத அளந்து பாரு. அதுதான் ஒச்சம்மா ரத்தம்.”