கண்ணகை தூக்கிய கை

அழகரத்தினம் வாத்தியார் ஒரே ஒரு கையால் தோற்றுப்போனார். அந்தக் கை அவருடைய மனைவி கண்ணகையின் கை!

வட்டை விதானைத் தெரிவு அது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிற பதவி. காணிக்காரர்தான் கை தூக்கலாம். நம் பக்கத்தில் காணி பெண்ணுக்குச் சீதனம். ஆகவே வாத்தியார் போட்டிக்கு நிற்கலாம். ஆனால் கை தூக்க வேண்டியது கண்ணகை.

கூட்டத்தில் வாத்தியார் முழங்கினார்.

“இருநூறு வருசத்துக்கு முந்தி அயர்லாந்துப் பாராளுமன்றத்தில ஒரு பெரிய மனிசன் இருந்தார். தம்பிக்குத் துறைமுகம், மருமகனுக்குச் சுங்கம், பால்குடி மகனுக்குப் பட்டாளத்தில கப்டன் உத்தியோகம்! குடும்பத்தில ஒருத்தரும் வெறுங்கையோட இல்ல. நானும் சொந்தத்த மறக்கமாட்டன்!”

கண்ணகையின் அண்ணன்மார் மூவரும் விசிலடித்தார்கள்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி வன்னியனார் கைகளை எண்ணினார். வாத்தியாருக்கும் அவரை எதிர்த்து நின்ற சீனித்தம்பிக்கும் சரிசமம். மிச்சம் கண்ணகை. எல்லாரும் பார்க்க, அவள் சீனித்தம்பிக்குத் தூக்கினாள்.

தோணியில் வாவியைக் கடக்கும்போது மூத்த அண்ணன் சாமித்தம்பி கொதித்தார்.

“கட்டின புருசனை ஊருக்கு முன்னால கவுத்துப்போட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பிளையா?”

கண்ணகை தலை நிமிரவில்லை. கண் கலங்கிவிட்டது.

“மச்சான், இவளை வீட்டை விட்டுத் துரத்துங்க!”

“வீடும் அவட சீதனம், மச்சான். போறதெண்டா நான்தான் போகணும்” என்றார் வாத்தியார் பரிதாபமாக.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அவர் மெல்லக் கேட்டார்.

“போயிட்டாங்களா?”

“ஓம், போயிட்டாங்க.”

“அப்பாடா! நான் வெண்டிருந்தா முதல் தண்ணி முழுக்க உன்ட அண்ணன்மாருக்குத்தான். அதுக்குத்தானே என்னைப் பிடிச்சு நிப்பாட்டினவங்க. மாட்டன் எண்டு சொல்ல எனக்கு எங்க வாய் வருது? சீனித்தம்பியெண்டா கடைசி வயல் வரைக்கும் தண்ணி விடுவான். அயர்லாந்துக் கதையக் கேட்டா ஒருத்தனும் எனக்குத் தூக்கமாட்டான் எண்டு பார்த்தன், பாதிச் சனம் தூக்கிட்டே!”

“பாதி ஊர் நமக்குச் சொந்தம். கேட்டதும் எல்லாருக்கும் வாயூறிட்டு.”

கண்ணகை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நீங்க சொன்னபடியே கையைத் தூக்கிட்டன். நாளைக்கு அண்ணன் வந்தா என்னை நல்லா ஏசுங்க. இல்லாட்டி அவருக்குச் சந்தேகம் வந்திடும்!”